ஹர்ட்ஸா, டுவாவா? இடம் ஒன்று, பிள்ளைகள் இரண்டு

27 ஆட்டம் ஆடி அதில் 25 ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்த ஒரு பையனை, சீசனின் கடைசி ஆட்டத்தில், பாதியிலேயே பெஞ்சில் உட்கார வைக்கலாமா?

அமெரிக்காவில் காலேஜ் ஃபுட்பால் பார்க்கிற வீடுகளில் 2018 ஜனவரி 8-ஆம் தேதி ராத்திரி எழுந்த கேள்வி இது. இன்றைக்கும் நாலு பேர் கூடினால் இதைச் சொல்லிச் சண்டை போடுகிறார்கள். அலபாமா பல்கலைக்கழக அணியின் கோச் நிக் சேபன், ஜேலன் ஹர்ட்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை உட்கார வைத்துவிட்டு, டுவா டங்கொவாய்லோவா என்ற முதலாண்டு மாணவரை இறக்கினார். ஆட்டத்தையும் ஜெயித்தார். ஜெயித்ததோடு கேள்வி முடிந்துவிட்டதா என்றால், இல்லை.

நம் வீடுகளில் சனிக்கிழமை ஆட்டம் ஓடும்போது பிள்ளைகள் ஒரு கட்சி, அப்பா ஒரு கட்சி என்று பிரிந்து நிற்பது புதிதல்ல. ஆனால் இந்த விவகாரம் வெறும் ஆட்டப் பேச்சு இல்லை. சாக்கர் டீமிலோ, ஸ்கூல் ஆர்கெஸ்ட்ராவிலோ, ரோபாட்டிக்ஸ் போட்டியிலோ நம் பிள்ளைகளும் யாரோ ஒருவருக்கு மட்டும் கிடைக்கிற இடத்துக்காக வரிசையில் நிற்கிறார்கள். இடம் போன பிள்ளையிடம் என்ன சொல்வது என்பது நமக்கும் உள்ள கேள்வி. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

ஏன் ஒரே ஒரு இடம்?

ஃபுட்பால் பார்க்காத வீடுகளுக்காக நாலு வரி. அமெரிக்க ஃபுட்பாலில் ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிக்குள் 10 யார்ட் முன்னேற வேண்டும். அநேகமாக ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் வந்து சேர்வது குவார்ட்டர்பேக்கின் கைக்கு. எறிவதா, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுப்பதா, தானே தூக்கிக்கொண்டு ஓடுவதா என்பதை இரண்டு மூன்று விநாடிக்குள் அவர் முடிவு செய்ய வேண்டும்.

கிரிக்கெட்டில் இரண்டு நல்ல விக்கெட் கீப்பர்கள் இருந்தால், ஒருவரை வெறும் பேட்ஸ்மேனாகச் சேர்த்துச் சமாளிக்கலாம். குவார்ட்டர்பேக்குக்கு அந்தச் சமாளிப்பு கிடையாது. ஒருவர் ஆடினால் மற்றவர் ஓரத்தில் நிற்க வேண்டியதுதான். வாரம் முழுக்க நடக்கும் பயிற்சியிலும் முதல் அணியோடு எறிந்து பழகும் நேரம் பெரும்பாலும் ஸ்டார்ட்டருக்கே போகும். ஆகவே இடம் போனவருக்கு சனிக்கிழமை மட்டும் போவதில்லை, மற்ற நாட்களும் சேர்ந்தே போகின்றன.

அப்போது அலபாமா போன்ற பெரிய அணிகளில் 85 பேர் வரை ஸ்காலர்ஷிப்பில் இருக்கலாம். அந்த 85 பேரும் அவரவர் ஊரில் முதல் ஆளாக இருந்துவிட்டு வந்தவர்கள். ஹர்ட்ஸ், டெக்சஸில் சேனல்வியூ என்ற ஊர்க்காரர். ஹைஸ்கூலில் அவருக்கு கோச்சாக இருந்தது அவருடைய அப்பாவேதான். டுவா, ஹவாய்த் தீவுகளில் ஈவா பீச் என்ற ஊர். சமோவா வம்சாவளிக் குடும்பம். பையன் அலபாமாவுக்குப் படிக்கப் போகிறான் என்றதும் குடும்பமே கடல் தாண்டி அலபாமாவுக்குக் குடிபெயர்ந்தது. பிள்ளைக்காக ஊர் மாறுவது என்றால் என்னவென்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்த ராத்திரி நடந்தது

இடம், அட்லாண்டாவின் மெர்சிடிஸ்-பென்ஸ் ஸ்டேடியம். தேசிய சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். எதிரணி ஜார்ஜியா.

அலபாமா அணியின் சின்னம் யானை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். அன்றைக்கு முதல் பாதி முழுக்க சறுக்கல்தான். ஹாஃப்-டைமில் ஜார்ஜியா 13, அலபாமா பூஜ்யம். ஹர்ட்ஸ் எறிந்த 8 பாஸில் 3 தான் கைக்குப் போய்ச் சேர்ந்தன. கிடைத்தது மொத்தம் 21 யார்ட்.

இரண்டாம் பாதி தொடங்கியபோது களத்துக்குள் வந்தவர் டுவா. அதுவரை அந்தச் சீசனில் அவர் ஆடியதெல்லாம் பெரும்பாலும், அணி நிறைய முன்னால் போய், ஆட்டம் கைக்கு வந்துவிட்ட பிறகுதான். இப்போது நிலைமையே வேறு. ஒரு டச்டவுன் எறிந்தார். ஒரு பந்தை எதிரணிக்கும் எறிந்து கொடுத்தார். ஒரு கட்டத்தில் ஜார்ஜியா 20-7 என்று முன்னால் இருந்தது. கடைசிக் கால் பகுதியில் மெல்ல மெல்ல எட்டிப் பிடித்து, நாலு நிமிஷத்துக்கும் குறைவாக இருக்கும்போது கால்வின் ரிட்லிக்கு எறிந்த டச்டவுனில் 20-20. ஜெயிப்பதற்கான கடைசி ஃபீல்ட் கோல் தவறிப்போக, ஆட்டம் ஓவர்டைமுக்குப் போனது.

ஓவர்டைமில் ஜார்ஜியா 51 யார்ட் தூரத்திலிருந்து ஃபீல்ட் கோல் அடித்து 23-20 ஆக்கியது. அடுத்து அலபாமாவின் முறை. முதல் முயற்சியிலேயே டுவா பந்தை வைத்துக்கொண்டு பின்னால் ஓடி, பிடிபட்டு, 16 யார்ட் இழந்தார். அனுபவம் இல்லாத பையன் செய்கிற தவறு. அடுத்த பந்தில் 41 யார்ட் எறிந்தார். டெவான்டா ஸ்மித் என்ற இன்னொரு முதலாண்டு மாணவர் அதைப் பிடித்தார். 26-23. ஆட்டம் முடிந்தது.

பெஞ்சில் உட்கார்த்தி வைக்கப்பட்ட ஹர்ட்ஸ், இரண்டாம் பாதி முழுக்க டுவாவை உற்சாகப்படுத்திக்கொண்டு நின்றதை டி.வி.யில் எல்லாரும் பார்த்தார்கள். அவர் மனசுக்குள் என்ன ஓடியது என்பது அவருக்குத்தான் தெரியும்.

ஹர்ட்ஸ் கட்சி என்ன சொல்கிறது?

முதல் வாதம் கணக்கு. 2016-இல் முதலாண்டு மாணவராக இருக்கும்போதே எஸ்.இ.சி. லீகின் சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர் விருது வாங்கியவர். ஸ்டார்ட்டராக அவர் அதுவரை தோற்றது இரண்டே ஆட்டம். அதில் ஒன்று 2017 ஜனவரியில் கிளெம்சனோடு நடந்த இறுதி ஆட்டம். அன்றைக்கு இரண்டு நிமிஷம் சொச்சம் இருக்கும்போது ஹர்ட்ஸ் தானே 30 யார்ட் ஓடி அணியை முன்னிலைக்குக் கொண்டுவந்தார். ஒரு விநாடி பாக்கி இருக்கையில் கிளெம்சன் டச்டவுன் போட்டு 35-31 என்று ஜெயித்தது. அந்தத் தோல்வியை அவர் தலையில் எப்படிக் கட்டுவது?

இரண்டாவது வாதம், அவர் பந்தை வீணாக்காதவர். 2017 சீசனில் 17 டச்டவுன் பாஸ் எறிந்தார். எதிரணியிடம் போனது ஒன்றே ஒன்று. ஒரு வாரம் முன்னால்தான் அரையிறுதியில் கிளெம்சனை 24-6 என்று தோற்கடித்துக் கொடுத்தார்.

மூன்றாவது வாதம்தான் கனமானது. "இருபத்தைந்து ஆட்டம் ஜெயிச்சுக் கொடுத்தவனுக்கே அரை ஆட்டம் பொறுமை காட்டலைன்னா, மத்த பசங்க எதை நம்பி உழைப்பாங்க?" அணி என்பது விசுவாசத்தில் ஓடுகிற வண்டி. ஒரு மோசமான அரை மணி நேரம் இரண்டு வருஷ உழைப்பை அழித்துவிடும் என்றால், அந்த அணியில் யாருக்கும் நிம்மதியாகத் தூக்கம் வராது.

டுவா கட்சி என்ன சொல்கிறது?

அவர்களும் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறார்கள். ஹர்ட்ஸின் பலம் கால். முன்னிலையில் இருக்கும்போது ஓடி ஓடி எதிரணியைக் களைக்க வைப்பதில் அவர் கெட்டிக்காரர். ஆனால் 13-0 என்று பின்தங்கிவிட்டால், நேரம் குறையக் குறைய எறிந்துதான் ஆக வேண்டும். ஆபர்னிடம் 26-14 என்று தோற்ற ஆட்டத்திலும் அந்தக் குறை தெரிந்தது. டுவாவின் பலமே எறிதல். போதாததற்கு இடது கைக்காரர். எழுதுவது சாப்பிடுவதெல்லாம் வலது கைதான்; எறிய மட்டும் இடது கையைப் பழக்கியது அவருடைய அப்பா.

அடுத்த வாதம், அந்த அணியில் ஹர்ட்ஸ் மட்டும் இல்லை. கடைசி வருஷ மாணவர்கள் பலருக்கு அதுதான் வாழ்க்கையில் கடைசிக் கல்லூரி ஆட்டம். ஒருவரின் மனசு நோகாமல் இருக்க மற்ற எல்லாருடைய ஆட்டத்தையும் விட்டுக்கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

மூன்றாவதைத்தான் ஹர்ட்ஸ் கட்சிக்காரர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். ஹர்ட்ஸுக்கு அந்த இடம் எப்படிக் கிடைத்தது? 2016 சீசனின் முதல் ஆட்டத்தில் ஸ்டார்ட்டராக இறங்கியவர் பிளேக் பார்னெட் என்ற மாணவர். ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் சேபன் அவரை எடுத்துவிட்டு ஹர்ட்ஸை இறக்கினார். அன்றிலிருந்து இடம் ஹர்ட்ஸுடையது. சில வாரங்களில் பார்னெட் அலபாமாவை விட்டே போய்விட்டார். மூப்புப்படிதான் இடம் என்றால், ஹர்ட்ஸுக்கே அந்த 25 வெற்றிகள் கிடைத்திருக்காது.

பெஞ்சின் பாரம் இரண்டு பக்கமும் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த இறுதி ஆட்டத்திலும் இறங்காமல் போயிருந்தால் வேறு கல்லூரிக்கு மாறியிருப்பேன் என்ற பொருளில் டுவாவே பின்னால் பேசியிருக்கிறார்.

இருவரையும் வைத்துக்கொண்டால் என்ன?

நம் ஊர்ப் பட்டிமன்றத்தில் நடுவர் தப்பிப்பதுபோல "இரண்டும் வேண்டும்" என்று தீர்ப்புச் சொல்லலாமா? சொல்லிப் பார்த்தவர்கள் உண்டு. 1999-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் லாய்ட் கார் என்ற கோச்சிடம் இரண்டு குவார்ட்டர்பேக்குகள் இருந்தார்கள். மூத்தவர் அமைதியான ஆள். இளையவர் ட்ரூ ஹென்சன், மிச்சிகன் மாநிலத்துக்கே செல்லப்பிள்ளை. நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியும் அவரை எடுத்திருந்தது. கார் ஒரு திட்டம் போட்டார். முதல் கால் பகுதி மூத்தவர், இரண்டாம் கால் பகுதி ஹென்சன். ஹாஃப்-டைமில் யார் நன்றாக ஆடினாரோ அவர் மிச்ச ஆட்டத்தை ஆடுவார். கேட்பதற்கு நியாயமாக இருந்தாலும், சீசன் முடியும் முன்பே அந்த ஏற்பாட்டைக் கைவிட்டு மூத்தவரையே நிலையாக ஆட வைத்தார். ஒரே உறையில் இரண்டு கத்தி நிற்கவில்லை.

அந்த மூத்தவர் பெயர் டாம் பிரேடி. 2000-இல் என்.எஃப்.எல். தேர்வில் 199-ஆவது ஆளாக எடுக்கப்பட்டு, பிறகு ஏழு சூப்பர் பௌல் ஜெயித்தவர். தினம் தினம் கோச்சின் கண்ணெதிரே ஆடிய பையனைப் பற்றியே ஒருமனதாக முடிவெடுக்க முடியவில்லை என்றால், சோபாவில் உட்கார்ந்திருக்கும் நாம் எம்மாத்திரம்!

அப்படியானால் தீர்ப்பு?

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். அந்த ராத்திரி சேபன் எடுத்த முடிவு சரி. ஜெயித்ததால் சரி என்று சொல்லவில்லை. 16 யார்ட் இழந்த பந்துக்கு அடுத்த பந்தும் வீணாகியிருந்தால், மறுநாள் பேப்பர் முழுக்க "பச்சைப் பிள்ளையை நம்பி மோசம் போன கோச்" என்றுதான் எழுதியிருப்பார்கள். முடிவைப் பலனை வைத்து அளந்தால் யாரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. ஹாஃப்-டைமில் அவர் கையில் என்ன தகவல் இருந்ததோ அதை வைத்துத்தான் அளக்க வேண்டும். 13 புள்ளி பின்னால், ஓட்டம் எடுபடவில்லை, எறிந்தே ஆக வேண்டும், நன்றாக எறிகிறவர் பெஞ்சில் இருக்கிறார். இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

ஆட்டத்தில் அந்த இடம் அணிக்குச் சொந்தம், பிள்ளைக்குச் சொந்தமில்லை. நேற்றைய வெற்றிக்குப் பரிசாக இன்றைய இடத்தைக் கொடுக்க முடியாது. இதைப் பெற்றவர்கள் ஒத்துக்கொள்வதுதான் கஷ்டம்.

ஆனால் ஹர்ட்ஸுக்கு அணி பட்ட கடன் ஒன்று இருந்தது. இடம் கொடுப்பது அல்ல அந்தக் கடன். உண்மையைச் சொல்வது. அதில்தான் அடுத்த எட்டு மாதம் இழுபறி ஆனது.

சொல்லாமல் விட்ட எட்டு மாதம்

2018 வசந்த காலப் பயிற்சி போனது, கோடை போனது. யார் ஸ்டார்ட்டர் என்று சேபன் வாய் திறக்கவில்லை. அவர் தரப்பில் காரணம் இருந்தது: போட்டி இன்னும் முடியவில்லை, இருவருமே அணிக்குத் தேவை என்பது அவர் நிலை. முன்கூட்டியே அறிவித்தால் மற்றவர் கிளம்பிவிடுவார் என்ற பயம் எந்தக் கோச்சுக்கும் இருக்கும்.

நடுவில் ஹர்ட்ஸின் அப்பா ஒரு பேட்டியில், மகனுக்கு இடம் இல்லை என்றால் வேறு கல்லூரி பார்க்க வேண்டியிருக்கும் என்ற பொருளில் பேசியது பெரிய செய்தியானது. ஆகஸ்டில் ஹர்ட்ஸே செய்தியாளர்களிடம் பேசினார். அத்தனை மாதத்தில் கோச்சுகள் யாரும் தன்னோடு உட்கார்ந்து, உன் மனசில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை என்ற ஆதங்கத்தை மறைக்காமல் சொன்னார். சண்டைக்காரப் பேச்சு இல்லை அது. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்கிற பேச்சு. நம் வீட்டில் பிள்ளைகள் கோபித்துக்கொள்ளும்போது கடைசியில் வந்து நிற்பதும் பெரும்பாலும் இதே வார்த்தையில்தான்.

செப்டம்பர் 1-ஆம் தேதி முதல் ஆட்டம். டுவா ஸ்டார்ட்டர், லூயிவில் அணியை அலபாமா 51-14 என்று அடித்து நொறுக்கியது. ஆட்டம் முடிந்ததும் இ.எஸ்.பி.என். செய்தியாளர் மரியா டெய்லர் குவார்ட்டர்பேக் விஷயத்தைக் கேட்க, சேபன் நேரலையிலேயே சீறி விழுந்தார். பிறகு அவரிடம் வருத்தம் தெரிவித்தார். 37 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்த மனுஷனுக்கு அவ்வளவு கோபம் வந்தது என்றால், அந்தக் கேள்வி அவரையும் எவ்வளவு உறுத்தியிருக்கும்!

ஒரே சனிக்கிழமை, இரண்டு முடிவு

அந்த ஆண்டு ஜூனில்தான் என்.சி.ஏ.ஏ. ஒரு புது விதி கொண்டுவந்திருந்தது. ஒரு மாணவர் சீசனில் நான்கு ஆட்டம் வரை ஆடினாலும், அந்த வருஷத்தைக் கணக்கில் சேர்க்காமல் சேமித்துக்கொள்ளலாம். ஐந்தாவது ஆட்டத்தில் கால் வைத்தால் வருஷம் போய்விடும். கல்லூரியில் ஆடக் கிடைப்பது நான்கு சீசன்தான் என்பதால், இது சின்ன விஷயமில்லை.

கிளெம்சனிலும் அதே நேரம் இதே கதை. முந்தைய சீசனில் அணியை ஏ.சி.சி. சாம்பியன் ஆக்கிய கெல்லி பிரையன்ட்டின் இடம், நான்கு ஆட்டம் முடிந்ததும், ட்ரெவர் லாரன்ஸ் என்ற முதலாண்டு மாணவருக்குப் போனது. பிரையன்ட் ஐந்தாவது ஆட்டத்துக்கு நிற்கவில்லை. வருஷத்தைச் சேமித்துக்கொண்டு கிளம்பினார். அடுத்த சீசன் மிசூரியில் ஆடினார். செப்டம்பர் 29, சனிக்கிழமை, அவர் போன பிறகு நடந்த முதல் ஆட்டத்திலேயே லாரன்ஸ் அடிபட்டு வெளியேற, சேஸ் பிரைஸ் என்ற அடுத்த ஆள் இறங்கி, சிரக்யூஸ் அணியிடம் தோற்க இருந்ததை 27-23 என்று காப்பாற்றினார்.

அதே சனிக்கிழமை அலபாமாவுக்கும் ஐந்தாவது ஆட்டம். ஹர்ட்ஸ் களத்தில் இறங்கினார். ஸ்டேடியம் எழுந்து ஆரவாரம் செய்தது. ஒரு வருஷத்தைக் கையை விட்டுக் கொடுத்துத்தான் இறங்கினார் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

பிரையன்ட் செய்தது தப்பா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹர்ட்ஸைப் புகழ்வதற்காகப் பிரையன்ட்டைத் திட்டுவது வழக்கமாகிவிட்டது. கோச்சுகள் நல்ல சம்பளம் வந்தால் சீசன் முடியும் முன்பே வேறு கல்லூரிக்குப் போகிறார்கள். அதை யாரும் துரோகம் என்பதில்லை. இருபது வயசுப் பையன் தன் கடைசி வருஷத்தைக் காப்பாற்றிக்கொண்டால் மட்டும் துரோகமா? அவரவர் கணக்கு அவரவருக்கு.

மறுபடி அதே ஸ்டேடியம்

டிசம்பர் 1. எஸ்.இ.சி. இறுதி ஆட்டம். அதே அட்லாண்டா, அதே ஸ்டேடியம், அதே ஜார்ஜியா. கடைசிக் கால் பகுதியில் டுவாவுக்குக் கணுக்காலில் அடி. அலபாமா 28-21 என்று பின்னால். ஹர்ட்ஸை இறக்கினார்கள்.

ஜெரி ஜூடிக்கு ஒரு டச்டவுன் எறிந்து சமன் செய்தார். ஒரு நிமிஷம் நாலு விநாடி இருக்கும்போது தானே 15 யார்ட் ஓடி இன்னொரு டச்டவுன். 35-28. எந்த இடத்தில் இறக்கி உட்கார வைத்தார்களோ அதே இடத்தில், எறிய முடியாதவர் என்று யாரைச் சொன்னார்களோ அவர், எறிந்தும் ஓடியும் ஜெயித்தார். டி.வி.யில் அவரைப் பற்றிப் பேசும்போது சேபனுக்குக் குரல் தழுதழுத்தது.

சினிமாவாக இருந்தால் இங்கே முடித்துவிடலாம். ஆனால் அடுத்த ஆட்டத்துக்கு டுவா தேறியதும் இடம் மறுபடி டுவாவுக்கே போனது. அதுவும் நியாயம்தான். அந்தச் சீசனில் டுவா எறிந்தது 43 டச்டவுன். ஹர்ட்ஸ் அழகாக நடந்துகொண்டார் என்பதற்காக அந்தக் கணக்கு மாறாது. நல்ல நடத்தைக்கு இடம் பரிசாகக் கிடைக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தால், ஒருநாள் நம்மையே பொய்யர் என்பார்கள்.

கைவசம் இருந்த டிகிரி

இதற்குப் பிறகு நடந்ததைப் பெற்றவர்கள் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்து விதிப்படி, படிப்பு முடியாத ஒரு மாணவர் ஒரு பெரிய அணியை விட்டு இன்னொன்றுக்கு மாறினால், பொதுவாக ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டும். விதிவிலக்கு ஒன்று இருந்தது. டிகிரி முடித்தவர் மேற்படிப்புக்காக வேறு பல்கலைக்கழகம் போனால் உடனே ஆடலாம்.

2016 ஜனவரியில் அலபாமாவில் சேர்ந்த ஹர்ட்ஸ், 2018 டிசம்பரில் டிகிரி வாங்கிவிட்டார். மூன்று வருஷம். ஆட்டம், பயணம், பயிற்சி, பெஞ்சில் உட்கார்ந்த வருத்தம் எல்லாவற்றுக்கும் நடுவில். அந்தக் காகிதம் கையில் இருந்ததால்தான் 2019-இல் ஓக்லஹோமாவுக்குப் போய், ஒருநாள் கூட உட்காராமல், நேராகக் களத்தில் இறங்க முடிந்தது.

அவர் ஒருவர் மட்டுமில்லை. ஒஹாயோ ஸ்டேட்டில் டுவெய்ன் ஹாஸ்கின்ஸோடு போட்டியிட்டு இடம் கிடைக்காமல் போன ஜோ பர்ரோவும் மூன்று வருஷத்தில் டிகிரி முடித்து, 2018-இல் எல்.எஸ்.யூ.வுக்கு மாறினார். 2019 சீசனின் ஹைஸ்மன் விருதில் முதலிடம் பர்ரோ, இரண்டாமிடம் ஹர்ட்ஸ். தேசத்திலேயே முதல் இரண்டு ஆட்டக்காரர்களும் இன்னோர் இடத்தில் பெஞ்சுக்குப் போனவர்கள். இருவரையும் வெளியே கொண்டுவந்தது டிகிரி. அந்த ஆண்டு அரையிறுதியில் இருவரும் மோதினார்கள். அதுவும் அதே அட்லாண்டா ஸ்டேடியத்தில். பர்ரோவின் எல்.எஸ்.யூ. 63-28 என்று ஜெயித்தது.

"விளையாட்டா, படிப்பா?" என்று நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக ஒரு சண்டை உண்டு. பிள்ளையை ஃபுட்பாலுக்கோ டென்னிஸுக்கோ அனுப்பினால் தாத்தா பாட்டி இன்றைக்கும் கேட்பார்கள். இந்த இருவர் கதையில் அந்தச் சண்டைக்கே இடமில்லை. கோச்சின் முடிவு அவர்கள் கையில் இல்லை, டிகிரி இருந்தது. அது கைக்கு வந்ததால், போவதா இருப்பதா என்பதும் அவர்கள் கைக்கு வந்தது.

இப்போது விதி மாறிவிட்டது

2021 முதல், ஒருமுறை மாறினால் உட்கார வேண்டியதில்லை என்றார்கள். 2024-இல் அந்த ஒருமுறை வரம்பும் போய்விட்டது; படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறையும் மாறலாம். 2021 ஜூலையிலிருந்து மாணவர்கள் தங்கள் பெயரை வைத்து விளம்பரப் பணமும் சம்பாதிக்கலாம். இடம் போன குவார்ட்டர்பேக் அடுத்த கல்லூரிக்குக் கிளம்புவது இப்போது சாதாரணச் செய்தி.

இது மாணவர்களுக்கு நல்லதுதான். முன்பு கதவு பூட்டியிருந்தது, இப்போது திறந்திருக்கிறது. ஆனால் கதவு திறந்தே இருக்கும்போது, இன்னும் ஒரு வருஷம் இருந்து எறியக் கற்றுக்கொள்கிறேன் என்று ஒரு ஹர்ட்ஸ் உட்காருவாரா? தெரிந்தோ தெரியாமலோ அந்தப் பெஞ்ச் வருஷம் அவருக்கு உதவியது. அலபாமாவில் எறிதல்தான் அவருடைய குறை என்றார்கள். ஓக்லஹோமாவில் 3,851 யார்ட் எறிந்தார். என்.எஃப்.எல்.லிலும் முதலில் இன்னொருவருக்குப் பின்னால் நின்றுதான் ஆரம்பித்தார். 2025 பிப்ரவரியில் பிலடெல்பியா ஈகிள்ஸுக்காகச் சூப்பர் பௌல் ஜெயித்து, ஆட்டநாயகனும் ஆனார். டுவா மயாமிக்குப் போய், 2023 சீசனில் என்.எஃப்.எல்.லிலேயே அதிக யார்ட் எறிந்தவர் ஆனார்.

ஆனால் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும். இதில் கடைசியில் எல்லாரும் ஜெயித்தார்கள், அதனால் சொல்வது சுலபம். பிளேக் பார்னெட்டுக்கும் கெல்லி பிரையன்ட்டுக்கும் சூப்பர் பௌல் கிடைக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் ஹர்ட்ஸ் ஆவதில்லை. "பொறுத்திரு, ஒருநாள் நீதான் ஹீரோ" என்று நாம் வாக்குக் கொடுக்க முடியாது.

கொடுக்க முடிகிற வாக்குகள் சில இருக்கின்றன. கோச்சிடமோ டீச்சரிடமோ போய் இடம் கேட்டு நாம் வாதாட மாட்டோம். ஆனால் ஏன் எடுத்தீர்கள், எதில் தேற வேண்டும் என்று பிள்ளை தானே போய்க் கேட்க, பதில் கேட்டு வர, துணை நிற்போம். இருப்பதா போவதா என்ற கணக்கைப் பிள்ளையோடு உட்கார்ந்து போடுவோம். எந்தப் பக்கம் முடிந்தாலும் அதைத் துரோகம் என்றோ கோழைத்தனம் என்றோ சொல்ல மாட்டோம். படிப்பு முடியும்வரை விட மாட்டோம். முக்கியமாக, இடம் போன அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில், காரில், "உன் மனசில் என்ன இருக்கு?" என்று முதலில் கேட்போம். பிள்ளை பேசி முடிக்கும்வரை கோச்சைத் திட்ட மாட்டோம், ஹர்ட்ஸ் கதையும் சொல்ல மாட்டோம்.